பிளக் என் சட்டைப்பையில்

சுற்று அட்டை எங்கள் வீட்டுக்கு எப்போதும் கடைசியில்தான் வரும். தெருவில் பதினோரு வீடு, நாங்கள் பதினோராவது. ஒவ்வொரு வீட்டிலும் அறிவிப்பைப் படித்துவிட்டு, தங்கள் கட்டத்தில் குடும்ப முத்திரையைக் குத்தி, அடுத்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அதைப் பிரித்தபோது என் கையெல்லாம் கிரீஸ். குப்பை எடுக்கும் கிழமை மாறிய செய்திக்குக் கீழே கொட்டை எழுத்தில் இப்படிப் போட்டிருந்தது:

"நம் தெருவைச் சேர்ந்த முரகோஷி ஷிகெனோபு அவர்கள் தம் சொந்த உழைப்பால் மீட்டெடுத்த 1955ஆம் வருடத்து கமோமே 125 மோட்டார் சைக்கிள், வரும் ஞாயிறன்று தென்ரியூ ஆற்றங்கரையில் நடக்கும் பழைய வண்டிகள் விழாவில் ஓடவிருக்கிறது. அனைவரும் வந்து அவரை உற்சாகப்படுத்தும்படி கேட்டுக்கொள்கிறோம்."

ஷிகெனோபு என் புருஷன். அந்த வண்டியில் அவர் கை பட்டது ஒரே ஒரு தடவை. அதன் இருக்கைமேல் பீர் டப்பாவை வைத்தார். ஈரத்தை நான்தான் துடைத்தேன்.

மீட்டெடுத்தாராம்! சொந்த உழைப்பாம்! பத்து வீட்டுக்காரர்களும் இதைப் படித்து, தலையாட்டி, வரிசையாக முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

மிக்கபி பக்கம் ஓர் ஆரஞ்சுத் தோட்டக்காரர் மூன்று வருடத்துக்கு முன் தன் கொட்டகையை இடித்தார். அங்கே கூடைகளுக்கு அடியில் கிடந்தது அந்த வண்டி. எங்கள் ஹமமாட்சு நகரில் ஒரு காலத்தில் சந்துக்குச் சந்து மோட்டார் சைக்கிள் செய்தார்கள். கமோமேயும் அப்படி ஒரு சின்னக் கம்பெனி, நாலே வருடத்தில் மூடிவிட்டார்கள். உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றி, நாற்பது நாள் ஊறவைத்து, மரக்கட்டை கொடுத்துத் தட்டித் தட்டி இறக்கினேன். டேங்க்குக்குள் வினிகரும் ஒரு பிடி சின்ன நட்டுகளும் போட்டு, பழைய மெத்தையில் சுற்றிக் குலுக்கித் துருவை எடுத்தேன். மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையால் கார்புரேட்டரின் துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். இவ்வளவும் வீட்டு வாசலில், கார் நிறுத்தும் தகரக்கூரைக்குக் கீழே. உள்ளே அவர் தொலைக்காட்சியில் சுமோ மல்யுத்தம் பார்த்துக்கொண்டு, "இந்தா, அந்தத் தட்டற சத்தத்தக் கொஞ்சம் குறையேன்" என்பார்.

என்னை அவர் 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். முப்பத்தெட்டு வருடமாக அதுதான் என் பெயர்.

நான் இருபத்தேழு வருடம் ஓர் என்ஜின் தொழிற்சாலையில் பிஸ்டன் வளையம் பொருத்தும் வரிசையில் நின்றவள். நான் பொருத்திய வளையங்கள் எத்தனை லட்சம் வண்டிகளில் ஓடுகின்றனவோ, ஒன்றிலும் என் பெயர் இல்லை. அது கூலி வேலை, போகட்டும். இது அப்படியல்ல. இந்த ஒரு வண்டியின் பக்கத்தில் 'தோமிகோ' என்று எழுதியிருக்க வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அவர் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னங்க?"

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முகத்தில் ஒரு மலர்ச்சி வேறு.

"நல்லாத்தான் எழுதியிருக்கான் தகாயனாகி."

"யாரு மீட்டது?"

"அட விடு. யார் பேரா இருந்தா என்ன, ஒரே வீடுதானே."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். மூஞ்சியே சொல்லுது."

"போன வாரம் பொதுக்குளியல்ல பாத்தேன். 'பெரிய வேலை பண்ணிட்டீங்க'ன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டீக் கோப்பையைத் தூக்கி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "நன்றின்னேன்."

"நன்றியா! வாயில என்ன மோச்சிக் கொழுக்கட்டையா அடைச்சிருந்தது? 'என் பொண்டாட்டி பண்ணினா'ன்னு சொன்னா நாக்கு தேஞ்சிடுமா?"

"கழுத்தளவு வெந்நீர்ல உக்காந்துக்கிட்டு அதையெல்லாம் விளக்கிட்டா இருக்க முடியும்?"

அந்த மனிதரோடு பேசிப் பயனில்லை. கையைக்கூடக் கழுவாமல் நேராகத் தெருத் தலைவர் தகாயனாகியின் வீட்டுக்குப் போனேன். அவர் விழாக் குழுவிலும் இருக்கிறார், விண்ணப்பங்கள் அவர் வழியாகத்தான் போகும். என்னுடையதை எடுத்து மேசைமேல் வைத்தார். வண்டியின் வருடம், சிலிண்டரின் விட்டம், எதை எப்படிச் சரிசெய்தேன் என்று பக்கம் முழுக்க என் கையெழுத்து. பெயர் எழுத வேண்டிய இடத்தில் மட்டும் எழுத்து இல்லை. எங்கள் குடும்ப முத்திரை, 'முரகோஷி' என்ற சிவப்பு வட்டம், பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

குத்தியது நான்தான். யாரைச் சொல்லி என்ன? பார்சல் வந்தால் அந்த வட்டம், மகள் படித்த காலத்தில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் அந்த வட்டம், சுற்று அட்டைக்கும் அந்த வட்டம். பெயர் கேட்டாலே கை தானாக முத்திரைக்குப் போகும்படி பழகிவிட்டது. என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பேரு எழுதலையேன்னு வீட்டுத் தலைவர் பேர நானே நிரப்பினேன்" என்றார் தகாயனாகி. "உதவியாத்தானே பண்ணினேன், வீட்டம்மா?"

"கையெழுத்து யாரோடதுன்னு தெரியலையா?"

"அவர் சொல்லச் சொல்ல நீங்க எழுதியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிலிண்டர் விட்டத்தையும் தூக்கத்துல சொன்னாராக்கும்!"

சிரித்தார். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார், பாவி மனிதர். "இனிமே மாத்த முடியாதும்மா. விழாப் புத்தகம் அச்சாயிடுச்சு, இன்சூரன்ஸும் அவர் பேர்ல போட்டாச்சு. அவர்தான் ஸ்டார்ட் பண்ணி ஓட்டணும். நீங்க பக்கத்துல நின்னு கை தட்டுங்க."

கை தட்டுவதாம்!

வண்டியைக் கொண்டுபோகாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மனசு கேட்கவில்லை. தகரக்கூரைக்குக் கீழே பூட்டி வைப்பதற்கா இத்தனை பாடுபட்டேன்? சனிக்கிழமை அவரை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பாடம் நடத்தினேன்.

"கார்புரேட்டர் மேல இந்தப் பொத்தான் இருக்கு பாருங்க. இதை அமுத்தினா பெட்ரோல் இறங்கும். ரெண்டு எண்ணற வரைக்கும்தான் அமுத்தணும். அதுக்கு மேல போனா ஸ்பார்க் பிளக் நனைஞ்சு ஒண்ணும் நடக்காது. அப்புறம் மெதுவா ரெண்டு உதை, மூணாவது பலமா."

"சரி சரி" என்றார். கண் ஜன்னல் வழியாகத் தொலைக்காட்சியில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரையில் நல்ல காற்று. அறுபது வண்டிகள் நின்றன. எங்கள் வண்டிக்குப் பக்கத்துப் பலகையில் அவர் பெயர். அவரோ புதுசாக ஒரு தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறார்! நான் எப்போதும் போடும் பழைய வேலைச் சட்டையில், கழுத்தில் துண்டோடு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்றேன். பக்கத்து வீட்டு ஹமானோ சான் என் காதில், "பாவம், உங்க வீட்டுக்காரர் எவ்வளவு கஷ்டப்பட்டாரோ" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. அவர் பொத்தானை அமுக்கினார். இரண்டு எண்ணினேன், ஐந்து எண்ணினேன், பத்தும் எண்ணினேன். விரலை எடுக்கவே இல்லை, பெட்ரோல் தரையில் சொட்டியது. பிறகு உதைத்தார். பன்னிரண்டு உதை. ஜாக்கெட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. வண்டி இருமக்கூட இல்லை.

"வயசாயிடுச்சில்ல, அதுக்கும் மூச்சு வாங்குது!" என்றார் மைக்கில் தகாயனாகி. கூட்டம் சிரித்தது.

எனக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார். "வளையம் சரியாப் பொருந்தலை. வீட்டுல உக்காந்து பண்ற வேலை இப்படித்தான் இருக்கும்."

வளையமா பொருந்தவில்லை? என் வளையமா?

பேசாமல் நின்றால் என் என்ஜின் செத்த என்ஜின். போய் ஓடவைத்தால் பெயர் அந்த ஜாக்கெட்டுக்கு. இரண்டில் எதுவுமே எனக்கு ஆகாதுதான். ஆனாலும் என் வேலையைப் பார்த்து ஒருவர் உதட்டைப் பிதுக்குவதை என்னால் சகிக்க முடியவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"தள்ளுங்க."

"வீட்டம்மா, கிட்டப் போகாதீங்க, துணியெல்லாம் கறையாயிடும்" என்றார் தகாயனாகி.

பெட்ரோல் குழாயை மூடினேன். பிளக்கைக் கழற்றினேன், தெப்பமாக நனைந்திருந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து ஐந்து உதை விட்டு உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியே தள்ளினேன். பிளக்கைத் துண்டால் துடைத்து மாட்டி, குழாயைத் திறந்தேன். முதல் உதைக்கு முனகியது. இரண்டாவது உதைக்குப் பிடித்துக்கொண்டது. நீலப் புகையோடு அந்தச் சத்தம் எழுந்தபோது ஒரு விநாடிக்கு எல்லாக் கோபமும் மறந்துபோனது.

மைக் அலறியது. "ஆஹா! மனைவியின் சிறு உதவியோடு, முரகோஷி ஷிகெனோபு சான் சாதிச்சுட்டார்!"

கூட்டம் கை தட்டியது. என் புருஷன் கூட்டத்தைப் பார்த்துத் தலைகுனிந்து நன்றி சொன்னார். மறுபடியும் நன்றி!

என்ஜினை அணைத்தேன். துண்டைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டேன். துணி வழியாக நெஞ்சில் சுட்டது.

"ஏம்மா அணைச்சிட்டீங்க?" என்று தகாயனாகி ஓடிவந்தார்.

"பிளக் என் பையில இருக்கு. இதை ஓடவெச்சது யாருன்னு அந்த மைக்ல சொல்லுங்க, ஓடும். இல்லாட்டி நாலு பேரைக் கூட்டிட்டு வந்து தூக்கி லாரியில ஏத்துங்க."

"கூட்டம் பாக்குதும்மா."

"நல்லாப் பாக்கட்டும்!"

என் புருஷன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "இந்தா..."

"இந்தா இல்ல. எனக்குப் பேரு இருக்கு. ஞாபகம் இருக்கா?"

அவர் என் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பிறகு தன் கையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தகாயனாகியிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"நான்..." என்று ஆரம்பித்துத் தொண்டையைச் செருமினார். "இந்த வண்டியில நான் ஒரு திருகு கூடத் திருகினதில்லை. பீர் டப்பா மட்டும் வெச்சேன். எல்லாம் பண்ணினது என் பொண்டாட்டி. பேரு தோமிகோ. முரகோஷி தோமிகோ."

யாரும் கை தட்டவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். தொப்பிக்காரர்தான் கயிற்றுக்கு மேலாக எட்டிக் கேட்டார்.

"தோமிகோ சான், கமோமேக்கு வளையம் எங்க கிடைச்சது உங்களுக்கு?"

"கிடைக்கலை. பழைய தண்ணி பம்ப்போட வளையம். முனைய நானே அரத்தால ராவிப் பொருத்தினேன்."

"அப்படியா!" என்று அவர் தொப்பியைக் கழற்றினார்.

தகாயனாகி பதிவேட்டைக் கொண்டுவந்து ஷிகெனோபு என்ற பெயரைக் கோடு போட்டு அடித்தார். "திருத்தின இடத்துல முத்திரை வேணும். கொண்டு வந்திருக்கீங்களா?"

"இல்லை" என்று பேனாவை வாங்கி என் பெயரை முழுசாக எழுதினேன். பக்கத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரலை அழுத்தினேன்.

"சிவப்பா இல்ல இருக்கணும்?" என்றார்.

"என்னோடது கறுப்பு."

பிளக்கை மாட்டினேன். இந்த முறை ஒரே உதை. இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். என் புருஷன் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்.

"நான் என்ன பண்ணட்டும்?"

"பின்னாடி ஏறுங்க. ஆரஞ்சுக் கூடை வெக்கிற கேரியர் இருக்கே, அதுல."

ரெண்டு பேர் ஏறக்கூடாது என்று தகாயனாகி ஏதோ கத்தினார். என்ஜின் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. என் புருஷன் ஏறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். புது ஜாக்கெட்டின் கையில் கிரீஸ் அப்பியது. அதை நான் துடைக்கவில்லை.