தரையில் இறங்காத வண்டி

வெங்காய விலை ஏறிய அதே வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, செம்பட்டிக்காடு காவல் நிலையத்து வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளை வண்டி தரையைத் தொடாமல் நின்றது. கிரேன்காரர் சங்கிலியைக் கழற்றினார். வண்டி இறங்கியிருக்க வேண்டும், இறங்கவில்லை. ஆள் இடுப்பு உயரத்தில், நான்கு சக்கரமும் காற்றில் இருக்க, அசையாமல் நின்றுவிட்டது. கிரேன்காரர் அடியில் குனிந்து பார்த்தார், கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஏட்டு அறிவுச்செல்வன் சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் லத்தியை விட்டு ஆட்டிப் பார்த்தார். பிறகு, வாகனம் நிலைய வளாகத்தில் நிறுத்தப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானத்துக்குள் அந்த நிழலில் ஒரு கோழி படுத்துவிட்டது.

வண்டி எம்.எல்.ஏ எழிலரசன் வீட்டு வண்டி. முதல் நாள் சாயங்காலம் கீரமங்கலம் சாலையில், மொபெட்டில் பலாப்பழம் கட்டிக்கொண்டு வந்த பெரியகருப்பனை அது அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிருந்தது. மனிதர் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். காலையில் எம்.எல்.ஏ வீட்டு டிரைவர் நாகராசு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையுடன் ஸ்டேஷனுக்கு நடந்து வந்து, நான்தான் ஓட்டினேன் என்றார். அது பச்சைப் பொய் என்று அவர் மனைவி உண்ணாமலைக்குத் தெரியும். அவள் பூக்கட்டிப் பிழைப்பவள். அந்தச் சாயங்காலம் ஒரு கல்யாண மாலைக்கு அவசரமாக முல்லை கட்டிக்கொண்டிருந்தாள், எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து நாகராசும் கட்டிக்கொண்டிருந்தார். எம்.எல்.ஏ டிரைவர் பூக்கட்டுகிறார் என்று வெளியே தெரிந்தால் கேவலம் என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் கட்டுவார். அதனால் பார்த்த சாட்சி ஒருவருமில்லை.

உண்மையில் ஓட்டியவன் அரவிந்த்குமார், எழிலரசனுடைய அக்கா மகன். பிள்ளையில்லாத எழிலரசனுக்கு அவன்தான் வாரிசு. உண்ணாமலை ஸ்டேஷன் வாசலிலேயே புருஷனை மறித்தாள்.

"ஏங்க, கூறுகெட்டுப் போச்சா ஒங்களுக்கு? யாரோ செஞ்சதுக்கு நீங்க ஏன் உள்ள போறீங்க?"

"நம்ம மக தேவிப்ரியாவுக்கு நர்சிங் காலேஜ்ல சீட்டு வாங்கிக் குடுத்தவரு எம்.எல்.ஏ, புள்ள. நேத்து ராத்திரி எங் கையப் பிடிச்சு அழுதாரு. வாக்குக் குடுத்துட்டேன்."

"வாக்கு குடுத்தீங்களே, என்னையக் கேட்டீங்களா?"

நாகராசு அவளைச் சுற்றிக்கொண்டு படியேறினார். உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். உண்ணாமலை வேப்பமரத்தடியில் நின்று ஒரு பாட்டம் அழுதாள், பிறகு வாசனை போவதற்குள் மாலையைக் கொடுக்க வேண்டுமே என்று கல்யாண வீட்டுக்கு ஓடினாள்.

ஊர் அன்றிலிருந்து தூங்கவில்லை. கோட்டைப்பட்டினத்திலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள், இலுப்பூரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை டூர் கூட்டி வந்தார்கள். ஸ்டேஷன் மதிலோரம் சுண்டல் கடை, கரும்புச்சாறு, பலூன் எல்லாம் வந்தன. எழிலரசன் அப்போது ஆளும் மண்வெட்டிக் கட்சி. எதிர்க்கட்சியான ஊஞ்சல் கட்சிக்காரர்கள், பூமாதேவியே ஏற்க மறுத்த கார் என்று போஸ்டர் ஒட்டினார்கள், உண்மைக் குற்றவாளியைக் கைது செய் என்று சாலையில் படுத்தார்கள். மண்வெட்டிக்காரர்கள் விடுவார்களா? இது அரசியல் பழிவாங்கல் என்றார்கள், முன்பு ஊஞ்சல் ஆட்சியில் போட்ட ரோட்டின் லட்சணம் தாங்காமல்தான் வண்டி தரையில் கால் வைக்க மறுக்கிறது என்றார்கள். இதற்குக் கை தட்டவும் ஆள் இருந்தது. டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அண்ணன் தம்பி இதனால் பேச்சை நிறுத்தினார்கள், ஒரு நிச்சயதார்த்தம் தட்டோடு திரும்பியது. விசாரணை அதிகாரி நாகராசுவை ஏணி வைத்து ஏற்றி ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துப் பார்த்தார். வண்டி இம்மியும் இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஏறினார், ஏட்டு ஏறினார், இரண்டு கட்சியிலும் குண்டாயிருந்த ஆட்களாகப் பார்த்து ஏற்றினார்கள். ஒன்றும் நடக்கவில்லை. வழக்கு நாகராசு பேரிலேயே நடந்தது.

அப்புறம் தேர்தல் வந்தது. ஊஞ்சல் கட்சி ஆட்சிக்கு வந்தது. எழிலரசன் தோற்ற கையோடு அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு ஊஞ்சலில் ஏறிவிட்டார். அன்றைக்கு ஊரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. நேற்றுவரை ரோட்டில் படுத்தவர்கள் எழுந்து நின்று, இது அரசியல் பழிவாங்கல் என்றார்கள். நேற்றுவரை ரோட்டைக் குறை சொன்னவர்கள் அதே ரோட்டில் படுத்து, உண்மைக் குற்றவாளியைக் கைது செய் என்றார்கள். இரண்டு தரப்புக்கும் மைக்செட் போட்ட முத்துராஜ், பேச்சாளர் மாறினாரே தவிரப் பேச்சு மாறவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். அரவிந்த்குமார் பேரூராட்சித் தலைவருக்கு நிற்கப் போகிறான் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். நாகராசுவுக்கு ஜாமீன் கிடைத்தது, தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில் உண்ணாமலையை வதைத்தது வேறொன்று. கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் அவள் பல வருஷமாக உதிரிப்பூ வாங்குவது பெரியகருப்பன் மனைவி பிரகதாம்பாளிடம். பூ நிறுத்துக் கொடுத்ததும் கொசுறாக ஒரு கை அள்ளித் தட்டில் போடுவது அந்த மார்க்கெட்டின் வழக்கம். பிரகதாம்பாள் போடும் கொசுறிலேயே ஒருவர் தலைக்குப் பூ தேறும். புருஷன் செத்த பிறகும் அவள் பூ கொடுக்க மறுக்கவில்லை. முகத்தைப் பார்க்காமல் நிறுத்துக் கொட்டுவாள், கொசுறு போட மாட்டாள். தராசில் ஒரு மொட்டு கூடினாலும் எடுத்துவிடுவாள். ஒரு நாள் உண்ணாமலை வாய்விட்டுச் சொன்னாள், "அக்கா, சத்தியமா எங்க வீட்டுக்காரரு இல்லக்கா."

"வேற யாருன்னு சொல்லு. ஒம் புருசன் வாயால சொல்லச் சொல்லு."

உண்ணாமலை தட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்று வாங்கிய பூவை அவளால் கட்டவே முடியவில்லை.

புருஷன் கையெழுத்துப் போடும் நேரத்தில் அவள் வண்டி நிழலில் உட்கார்ந்து பூக்கட்டுவாள். மிதக்கும் வண்டி எல்லோருக்கும் பழகிவிட்டது, ஸ்டேஷன்காரர்கள் பக்கக் கண்ணாடியில் துண்டு காயப் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது, அரவிந்த்குமார் புது இன்ஸ்பெக்டருக்குச் சால்வை போட ஆட்களோடு கேட்டைத் தாண்டி உள்ளே வந்தான். உண்ணாமலையின் உச்சந்தலையில் ஏதோ இடித்தது. நிமிர்ந்தால் வண்டியின் பம்பர். கோழி அலறிக்கொண்டு ஓடியது. அவன் சால்வை போட்டு, போட்டோ எடுத்து, கேட்டைத் தாண்டிப் போனதும் வண்டி மெல்ல மேலே ஏறிப் பழைய இடத்தில் நின்றது. சொந்தக்காரன் வாசனை கண்ட மாடு கழுத்தை நீட்டுமே, அப்படி இருந்தது. உண்ணாமலை கட்டிய பூவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். வக்கீலிடம் ஓடிச் சொன்னாள். அவர் நல்ல மனிதர், சிரிக்காமல் கேட்டார். "வண்டியக் கூண்டுல ஏத்த முடியாதும்மா. ஓட்டுனவன் வாயத் தொறக்கணும், இல்ல ஒங்க வீட்டுக்காரர் வாயத் தொறக்கணும்" என்றார். தீர்ப்பு ஆயுத பூசைக்கு மறுவாரம் என்று சொல்லி அனுப்பினார்.

நாகராசு வாயைத் திறக்கவில்லை. உண்ணாமலை திட்டினாள், கெஞ்சினாள், இரண்டு நாள் உலை வைக்காமல் இருந்தும் பார்த்தாள். கடைசியில் ஆயுத பூசை வந்துவிட்டது.

ஸ்டேஷனில் பூசை என்றால் ஜீப்பு, பைக்கு, பிடிபட்ட மணல் லாரி வரைக்கும் சந்தனம் பொட்டு உண்டு. அந்த வருஷம் பூசை அரவிந்த்குமார் உபயம். மிதக்கும் வண்டி என்ற பேச்சைத் தேர்தலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று அவனுக்கு யாரோ யோசனை சொல்லியிருந்தார்கள். கொட்டுமேளம், வெடி, டிவிக்காரர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள், எல்லோரும் வந்தார்கள். மாலை உண்ணாமலை கட்டியது. பூ பிரகதாம்பாள் வீட்டுக் கொல்லைப் பூ, மூட்டையைக் கொண்டுவந்து போட்ட பிரகதாம்பாள் கேட் பக்கம் நின்றுவிட்டாள். தீபாராதனை முடிந்து ஒவ்வொரு வண்டியாக எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கினார்கள். வெள்ளை வண்டிக்கும் நான்கு பழம் வைத்தாயிற்று. ஒரு டிரைவர் ஏறி முறுக்கினான், சக்கரம் காற்றில் சுற்றியது. இன்னொருவன் ஏறினான், அதே கதை. பழம் நசுங்காமல் அப்படியே கிடந்தது. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

உண்ணாமலை கேட் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். மாலைக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சத்தமாகவே சொன்னாள்:

"தம்பி, பூசை போட்ட வண்டி பழம் ஏத்தாம நின்னா வீட்டுக்கு ஆகாதுங்க. கூலிக்காரன் ஏறி என்னத்துக்கு? ஒடையவுக நீங்க ஏறுங்க."

அது சரி, அதுதானே முறை, என்றார்கள் ஊஞ்சல்காரர்கள். மண்வெட்டிக்காரர்களுக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்த ஊரில் இரண்டு கட்சியும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். எழிலரசன் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், மேளச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வேறு எதற்கென்றாலும் அரவிந்த்குமார் மாமாவைக் கேட்டுவிட்டுத்தான் செய்திருப்பான். ஆனால் பூசை பாதியில் நிற்க, பழம் நசுங்காமல் வீட்டுக்குப் போக, எந்த வேட்பாளனுக்குத் துணிவு வரும்? செருப்பைக் கழற்றினான். ஏணியில் ஏறினான். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

வண்டி இறங்கியது. பசு படுப்பது போல் முன்பக்கம் முதலில், பின்பக்கம் அப்புறம். நான்கு பழமும் பட் பட்டென்று வெடித்தன. ஊஞ்சல்காரர்கள் அதிசயம் தங்கள் கட்சிக்கு நடந்துவிட்டது என்று துள்ளினார்கள், விசிலடித்தார்கள், அண்ணன் வாழ்க என்று கத்தினார்கள், ஆயிரம் வாலா ஒன்றையும் கொளுத்திவிட்டார்கள். அது வெடித்து முடியும்போதுதான் ஒவ்வொருவருக்காக உறைத்தது. சத்தம் கேட்டிலிருந்து மரத்தடி வரைக்கும் அடங்கிக்கொண்டே வந்தது. அந்த அமைதிக்குள் பிரகதாம்பாள் நடந்து வந்து வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புருசன் மேல ஏத்தயிலயும் இப்பிடித்தான் செருப்பக் கழட்டிட்டு, தொட்டுக் கும்பிட்டுட்டு ஏறுனியா?"

அரவிந்த்குமார் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். "இல்லக்கா, நான் வேகமாப் போகலக்கா" என்றான். "அவருதான் குறுக்க வந்துட்டாரு. நிறுத்தத்தான் பாத்தேன், பயமா இருந்துச்சுக்கா."

இதை அத்தனை செல்போனும் எடுத்துக்கொண்டது. உண்ணாமலை கூடைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கையெழுத்துப் போட வந்திருந்த நாகராசு பேனாவை மூடிவிட்டு இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார்.

"அன்னைக்கி நான் வீட்ல இருந்தேங்கய்யா. பூக்கட்டிக்கிட்டு இருந்தேன்."

அத்தனை பேர் முன்னால் அவர் அதைச் சொன்னபோது யாருமே சிரிக்கவில்லை.

வழக்கு திரும்ப முதலிலிருந்து நடந்தது. அரவிந்த்குமார் சிறைக்குப் போனான். பொய்யாகச் சரணடைந்ததற்கு நாகராசுவுக்கு நீதிபதி கடுமையாக நாலு வார்த்தை சொல்லி அபராதம் போட்டார். அவர் இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே பூக்கட்டுகிறார், மனைவியைவிட நெருக்கமாகக் கட்டுவதாகப் பேர். வண்டியை இறக்கியது எங்கள் போராட்டம் என்று மண்வெட்டிக்காரர்களும், எங்கள் நேர்மையான ஆட்சி என்று ஊஞ்சல்காரர்களும் இன்னும் பேசி முடிக்கவில்லை. வண்டியோ, அவனைக் கீழே இறக்கிய மறு நிமிஷமே பழையபடி மேலே ஏறிக்கொண்டது. அதற்குப் பக்கத்தில் இப்போது இரண்டு வண்டிகள் மிதக்கின்றன. ஒன்று மண்வெட்டிக்காரர் ஒருவரின் மைத்துனருடையது, மற்றது ஊஞ்சல்காரர் ஒருவரின் சம்பந்தியுடையது. கோழி குஞ்சு பொரித்துவிட்டது.

தை பிறந்த பிறகு ஒரு விடியலில் உண்ணாமலை மார்க்கெட்டில் தட்டை நீட்டினாள். பிரகதாம்பாள் நிறுத்துக் கொட்டினாள். கொட்டிவிட்டு, கை நிறைய முல்லையை அள்ளி அதன் மேல் போட்டாள். யோசித்து இன்னும் ஒரு கை போட்டாள்.

"போற வழியில அந்த வண்டிக்கும் ஒரு மொழம் வச்சிட்டுப் போ" என்றாள்.

உண்ணாமலை ஸ்டேஷனுக்குப் போனாள். முகப்பு அவளுக்கு எட்டவில்லை. ஏட்டு அறிவுச்செல்வன் காய்ந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே போய் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.