கடை போன கரை

கண்மாயின் வடகரையில் வேடன்குளம், தென்கரையில் ஆவரங்காடு. எண்பத்தைந்தில் இரண்டு ஊரையும் சேர்த்து ஒரே டவுன் பஞ்சாயத்தாக்கும் பேச்சு வந்தது. சிறிய ஊரான ஆவரங்காடு தயங்கியது. சம்மதிக்க வைத்தவர் அந்த ஊர்ப் பருத்தி விவசாயி பரமசிவன்.

“ரோடு வரும், தெருவிளக்கு வரும். நம்ம ரேஷன் கடை இங்கனயேதான் இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு,” என்றார் ஊர்க்கூட்டத்தில். எல்லோரும் கை தூக்கினார்கள்.

கடை வடகரைக்குப் போய்விடும் என்பது அன்றைக்கே அவருக்குத் தெரியும். வேடன்குளத்துப் பூவனலிங்கம் முன்பே சொல்லியிருந்தார்: “ஒரே ஊருன்னா ஒரே கடைதான் அண்ணாச்சி. அதை இப்பம் சொல்லாண்டாம். தேர்தல்ல நான் தலைவர், நீங்க துணைத்தலைவர்.”

அப்படியே நடந்தது. கடையும் போனது.

ஐப்பசி மழையில் கண்மாய் பெருகி, மிஞ்சிய தண்ணீர் மறுகாலில் வழிந்தோடியது. அதைத் தாண்டித்தான் கடைக்குப் போகவேண்டும். ஆடு வளர்க்கும் சங்கரம்மாள் மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாசியில் வழுக்கிக் கல்லில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளால் கம்பில்லாமல் நடக்க முடியவில்லை. ஆடுகளை விற்றுவிட்டாள்.

பரமசிவன் ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார்.

“நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி. அக்கரைக்காரவிய நம்மள ஏமாத்திப்புட்டாவ. உங்களையும் சேத்துத்தான்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“என்னை யாரும் ஏமாத்தலை தாயி. கடை போவும்னு எனக்கு முன்னமே தெரியும்.”

“பெறகு எதுக்கு மறைச்சீங்க?”

“பதவிக்கு.”

சங்கரம்மாள் பழப்பையைக் கம்பு நுனியால் அவர் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துட்டுப் போங்க.”

மறுநாள் ஊரைக் கூட்டி அதையே எல்லோரிடமும் சொன்னார். பதவியை விட்டார். அதன்பின் கடை கேட்டுத் தாலுகா ஆபீசுக்கு அலைந்தார். முதலில் தனியாக, பிறகு சிலர் கூடவே வந்தார்கள், பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கையில் மட்டும் உட்காராமல்.

சித்திரை பிறப்பதற்குள் வாரத்தில் இரண்டு நாள் ஆவரங்காட்டிலேயே அரிசி போட உத்தரவு வந்தது. முதல் நாள் யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. சங்கரம்மாள் கம்பை ஊன்றி வந்தாள். வரிசையில் நின்ற பரமசிவன் அவள் கூடையை வாங்கக் கை நீட்டினார்.

“வேண்டாம்,” என்றாள். “தள்ளுங்க. நான் முன்னால நிக்கேன்.”

அவர் ஒதுங்கி, அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.