தனிமரத்துக்குக் கீழே

நாடின் அன்றைக்கு ஒரு முடிவோடுதான் மலைக்குக் கிளம்பினாள். சரிவின் நடுவில் தனியாக நிற்கிற அந்த ஊசியிலை மரத்தை இன்றைக்காவது வண்டியில் தாண்டிவிட வேண்டும். முடியாவிட்டால் அந்த மோட்டார் பனிவண்டியை விற்றுத் தலைமுழுகிவிட வேண்டும். பனிக்காலம் வருவதும் போவதுமாக இருந்ததே தவிர, அவள் தடம் மரத்துக்குக் கீழேயே வளைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ரெவெல்ஸ்டோக் மலையில் செங்குத்துச் சரிவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஏறும். பனி சரிந்து ஒருவர் புதைந்தாலும், தோண்டியெடுக்க மற்றவர்கள் மிஞ்ச வேண்டுமே. நல்ல வழக்கம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் ஒருத்தர் ஏறும்போது மீதிப் பேர் கீழே வண்டியை அணைத்துவிட்டு என்ன செய்வார்கள்? வேடிக்கை பார்ப்பார்கள், மார்க் போடுவார்கள். உயிர் காக்க வந்த வழக்கம் பரீட்சையாகிப்போனது இப்படித்தான்.

மார்க் போடுவதில் மன்னன் ராய்ஸ், நாடினின் கணவன் க்லெனுக்கு அண்ணன். அவன் தடம் உச்சிப் பாறையைத் தொட்டுத் திரும்பும். அதற்கு அடுத்தது எப்போதும் க்லெனுடையது.

"அந்த மரத்தை நான் ரொம்ப விசாரிச்சதா சொல்லு நாடின்," என்றான் ராய்ஸ். "அட, மறந்துட்டேன், நீதான் இன்னும் அதைப் பக்கத்துல பாத்ததே இல்லையே."

கூட்டாளிகள் சிரித்தார்கள். அவள் கட்டைவிரலால் வேக விசையை அழுத்தினாள். வண்டி சீறிக்கொண்டு ஏறியது. மரம் நெருங்கும்போது பயத்தில் கட்டைவிரல் சற்றே தளர, பின்பக்கம் பள்ளம் பறித்துக்கொண்டு வண்டி உட்கார்ந்துவிட்டது. மேலே போய் உதவ வழக்கம் இடம் கொடுக்காது. இடுப்பளவு பனியில் அவளே தோண்டினாள். கீழேயிருந்து யோசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. அவமானத்தில் அவளுக்கு அழுகை முட்டியது.

ஒருவழியாக இறங்கியவள் அவர்களிடம் நிற்கவில்லை. பக்கத்துத் தோப்பைத் தாண்டிச் சமவெளிக்குப் போனாள், கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான். அங்கே யார் தடமும் படாத புதுப் பனி. சும்மா வண்டியை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தாள். பனி நெஞ்சுவரை சிதறி எழுந்தது. ஒரு மரத்தைச் சுற்றினாள், அப்புறம் இன்னொன்றை. மறுபடி சிக்கினாள், இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருப்பது கொஞ்சம் கழித்துத்தான் அவளுக்கே தெரிந்தது.

அவளைத் தேடி க்லென் வந்தான். எஞ்சின் சூட்டில் வைத்துச் சுடவைத்த சாசேஜ் ரொட்டியைக் கொண்டுவந்திருந்தான்.

"மரத்தைத் தாண்டல. இனிமே தாண்டப்போறதும் இல்ல," என்றாள் வாய் நிறைய மென்றுகொண்டே. "ஆனா வண்டிய விக்க மாட்டேன்."

க்லென் தன் பங்கைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"அங்க ஏறும்போதெல்லாம் எப்படா இறங்குவோம்னுதான் இருக்கும் நாடின். ராய்ஸ் பாக்குறானேன்னுதான் ஏறுறேன்."

அவளுக்குக் கோபமும் இரக்கமும் சேர்ந்தே வந்தன. முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று திட்டினாள்.

அவன் மார்பில் மாட்டியிருந்த ரேடியோ கரகரத்தது. "க்லென், உன் முறைடா. எங்க போய்த் தொலைஞ்ச?"

கூட்டாளிகள் எல்லோருக்கும் கேட்கிற ரேடியோ அது. க்லென் பொத்தானை அழுத்தினான்.

"நான் ஏறல ராய்ஸ். எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. க்லென் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்."