ஓடாத படம்

“இதுலயும் ஓடல அண்ணி” என்று சொல்லிவிட்டுக் கொழுந்தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். திரையின் நடுவே சின்னதாக ஒரு பெட்டி வந்து நின்றது. இந்த வகைக் கோப்பைத் திறக்க முடியாது என்றது. கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். அதைத் தவிர அழுத்துவதற்கு வேறொன்றும் இல்லை.

அவன் அண்ணியை அந்தக் குடியிருப்பில் எல்லாரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. எப்படி ஒளிந்துகொண்ட நரம்பாக இருந்தாலும் விரலால் தடவிப் பிடித்துவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். அவளுக்கு இந்த ஒரு பைல் பிடிபடாமல் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பைலுக்குள் அவள் கணவனின் கடைசி நேரம் இருந்தது. ஒரு பெரிய சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தவன். அவன் உயரத்தைப் பார்த்து ‘நெட்டையன்’ என்று கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. சரக்கு ஏற்றி இறக்கும் லிப்டின் குழிக்குள் ஏதோ பலகை சிக்கிக்கொண்டது என்று எடுக்க இறங்கியிருக்கிறான். மேலேயிருந்து லிப்ட் வந்து இறங்கிவிட்டது. கம்பெனி கொடுத்த அறிக்கையில், தனியாக வேலை செய்தார், இயந்திரத்தைப் பூட்டாமல் உள்ளே இறங்கினார், ‘தன்னுடைய கவனக்குறைவால்’ இறந்தார் என்று எழுதியிருந்தது.

அந்த வார்த்தைதான் அவளுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. வீட்டைப் பூட்டிவிட்டு இறங்கினால் பாதிப் படியில் நின்று, “அடுப்ப அணைச்சியா?” என்று கேட்டுத் திரும்ப ஏறிப் பார்த்துவிட்டு வருகிற மனுஷன். அவனுக்கா கவனக்குறைவு?

அவள் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தாள். அங்கிருந்த அதிகாரியம்மா, அன்றைய கேமராப் பதிவைக் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு உத்தரவு போட்டார். கொழுந்தனும் அதே கிடங்கில்தான் வேலை. அவன் கையிலேயே ஒரு பென் டிரைவைக் கொடுத்தனுப்பினார்கள். கேட்டது கிடைத்துவிட்டது என்று அவள் நினைத்தாள். கிடைத்தது ஊமை கண்ட கனவு. உள்ளே எல்லாம் இருக்கிறது, வெளியே ஒன்றும் வரவில்லை.

கொழுந்தன் முயற்சி செய்யாமல் இல்லை. பைல் பெயரின் வாலை வெட்டிவிட்டு வேறு வால் ஒட்டிப் பார்த்தான். இணையத்திலிருந்து ஏதேதோ பிளேயர்களை இறக்கினான். ஒன்று கறுப்புத் திரையைக் காட்டியது, இன்னொன்று பச்சையும் ஊதாவுமாகக் கோடு போட்டது. ஒரு நாள் கம்ப்யூட்டருக்கே ஜன்னி வந்ததுபோல் விளம்பரமாகக் கொட்டி, அதைத் துடைத்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

“பேர மாத்துனா ஆள் மாறிடுவானா தம்பி?” என்றாள் அவள்.

“அதான் நானும் சொல்றேன். பைலே கெட்டுப்போயிருக்கும் அண்ணி. விட்டுடுங்க. ஓடுனாலும் அத எப்படிப் பாக்கப் போறீங்க?”

அவள் விடுகிற ஜாதி இல்லை. பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். பழக்கமான கடைக்காரரிடம் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் அதிகாரியம்மாவிடமே எடுத்துப் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் தட்டினார்.

“இது எந்த மொழி பேசுற பைலுன்னே தெரியலம்மா. கம்பெனிக்காரங்க உத்தரவுப்படி குடுத்துட்டோம்னு கையெழுத்து வாங்கி வெச்சிருக்காங்க. ஓடாத படத்த வெச்சு நான் என்ன தீர்ப்பு எழுத முடியும்? ஓடுற மாதிரி கொண்டு வாங்க, பாக்கறேன்.”

வெளியே வந்தவள் பேருந்துக்காகக் காத்து நிற்கையில், எதிரேயிருந்த கட்டடத்துச் சுவரில் ஒரு கேமரா கண்ணில் பட்டது. அதன் கழுத்தில் மாட்டினவரின் தொலைபேசி எண் ஒட்டியிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. கிடங்கிலும் யாரோ ஒருவர்தானே மாட்டியிருப்பார்? நேரே கிடங்கு வாசலுக்குப் போனாள். காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் உள்ளே விடவில்லை. அவளுக்கு உள்ளே போகவும் வேண்டாம். வாசல் கேமராவின் கீழிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பினாள்.

கேமராக்காரரின் கடை ஒரு படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஒயர் சுருள்களுக்கு நடுவே ஒரு மேசை, அதில் மூடியில்லாத ஒரு கம்ப்யூட்டர். அவள் நீட்டிய பென் டிரைவைச் சொருகிப் பார்த்ததுமே சொன்னார்.

“பைல் நல்லாத்தாம்மா இருக்கு. இந்தக் கேமராப் பெட்டி பதிவு பண்றதெல்லாம் அதோட சொந்தப் பார்மேட். வேற எந்தப் பிளேயரும் தொடாது. ஆனா காப்பி எடுக்கும்போது அதுக்குன்னு இருக்கிற பிளேயரும் கூடவே இறங்கிடும். இதுல அது மட்டும் இல்லையே.” இன்னும் எதையோ திறந்து பார்த்தார். “இருந்திருக்கு. அழிச்சிருக்காங்க. கம்பெனியில எடுத்த அன்னைக்கே, சாயங்காலம்.”

அன்று சாயங்காலம் அந்தப் பென் டிரைவ் யார் சட்டைப் பையில் இருந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மனம் ஏற்க மறுத்தது. தவறுதலாக அழிந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

“என்கிட்ட அந்தப் பிளேயர் இருக்கு. போடவா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். “கூட யாராச்சும் வந்திருக்காங்களா?”

“இல்ல. போடுங்க.”

படம் ஓடியது. சத்தம் கிடையாது. மேல்மூலையிலிருந்து கீழ்நோக்கி லிப்ட் வாசல், அதன் பக்கத்தில் பொத்தான் பெட்டி, குழியின் கறுத்த வாய். நெட்டையன் வந்தான். அவன் மட்டும் அல்ல. பக்கத்தில் அவன் தம்பியும் வந்தான். தம்பியைப் பொத்தான் பெட்டியருகே நிறுத்திவிட்டு அண்ணன் குழிக்குள் இறங்கினான். பெட்டியில் பூட்டு தொங்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுக் கம்பி சுற்றியிருந்தது.

கிடங்குச் சூப்பர்வைசர் வந்தார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கையைக் கீழே கீழே என்று ஆட்டினார். தம்பி குழிப் பக்கம் தலையைத் திருப்பி ஏதோ சொன்னான். சூப்பர்வைசர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவது சத்தமில்லாமலேயே தெரிந்தது. தம்பியின் கை எழுந்தது. பொத்தானில் பதிந்தது.

ஊசியம்மா கண்ணை மூடவில்லை. லிப்ட் இறங்கி, ஓரிடத்தில் லேசாகக் குலுங்கி, பிறகு இறங்கியதைப் பார்த்தாள். கொழுந்தன் வெறுங்கையால் அந்த இரும்பைத் தூக்கப் பார்த்ததைப் பார்த்தாள். சூப்பர்வைசர் முதலில் பார்த்தது குழியை அல்ல. நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். நேராக அவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

கேமராக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் குடித்தாள். “இந்தப் பிளேயரையும் இதுலயே போட்டுக் குடுங்க” என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் துணி மடித்துக்கொண்டிருந்தான். உள்ளறையில் மாமனார் கட்டிலில் படுத்திருந்தார். வாதம் வந்து கால்கள் விழுந்தபின் அவருக்கு அந்த அறைதான் உலகம். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“அன்னைக்கு நீ எங்க இருந்தே தம்பி?”

“வெளிய, லாரிகிட்ட. எத்தன வாட்டி அண்ணி…”

“படம் ஓடிடுச்சு.”

அவன் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“அண்ணன் ஏறிட்டான்னு நெனச்சேன்.”

“குனிஞ்சு பாத்தியா?”

“பாக்கல. ‘இருக்கியா’ன்னு கேட்டேன். பதில் வரல. அந்தாளு கத்துனாரு. கை தானா போயிடுச்சு அண்ணி.” மூச்சு வாங்கியது. “நீ அங்க இல்லவே இல்லைனு சொல்லிடு, இல்லேன்னா கொலைக் கேஸ்ல உள்ள போவேன்னாரு. பென் டிரைவ் குடுக்கும்போதும் அவருதான் சொன்னாரு. பிளேயர அழிச்சிடு, குடுத்த மாதிரியும் ஆச்சு, பாக்காத மாதிரியும் ஆச்சுன்னு.”

“தினம் என் பக்கத்துல உக்காந்து ஓடல ஓடலன்னு சொன்னியேடா.”

அவளுக்குக் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். முதல் சம்பளத்தில் அண்ணனுக்கு வாங்கும் முன் அண்ணிக்குச் செருப்பு வாங்கியவன். அவனை அடிக்க வேண்டும்போலவும் இருந்தது, அள்ளிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

“குடுக்காதீங்க அண்ணி. அப்பா தாங்க மாட்டாரு. ஒருத்தன் போயாச்சு, இன்னொருத்தனும்…”

“உங்கண்ணன் மேல எழுதி வெச்சிருக்கிற பழிய யார் தாங்குறது? செத்தவனால எதுத்துப் பேச முடியாதுன்னுதானே எல்லாரும் சேந்து எழுதினீங்க?”

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது அவன் படுக்கை காலியாக இருந்தது. போனை மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அவள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இப்படியே உள்ளே திரும்பிவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு படி இறங்கினாள்.

அதிகாரியம்மா படத்தைப் பாதியில் நிறுத்தி, ஜன்னலோரம் போய் நின்றுவிட்டு வந்து மீதியைப் பார்த்தார். அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தன. ‘தன்னுடைய கவனக்குறைவால்’ என்ற வரி அறிக்கையிலிருந்து போனது. உடைந்த பூட்டை மாற்றாதது கம்பெனியின் குற்றம் என்று எழுதினார்கள். சூப்பர்வைசரைப் போலீஸ் பிடித்தது. கொழுந்தன் பெயரும் வழக்கில் ஏறியது. அவனை ஒரு ரயில் நிலையத்து இருக்கையில் கண்டுபிடித்தார்கள். ஓட முயலவில்லை, எழுந்து கூடவே வந்தான் என்றார்கள்.

அவள் ஜெயித்துவிட்டாள் என்று பரிசோதனைக் கூடத்தில் சொன்னார்கள். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளின் கையைப் பிடித்தாள். நரம்பு கிடைக்கவில்லை. மறுபடி குத்தினாள். அப்போதும் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஊசியை வாங்கிக்கொண்டாள்.

மாமனாரிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். அவர் அழவில்லை, ஏசவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார். அவள் ஊட்டினால் வாயைத் திறப்பார், அவ்வளவுதான். நாட்கள் கழிந்து ஒரு மத்தியானம், அவள் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவரே பேசினார்.

“அந்தப் படத்த எனக்குக் காட்டும்மா.”

“வேணாம் மாமா. உங்களால முடியாது.”

“பெரியவன் இனிமே வரமாட்டான். சின்னவன் எப்ப வருவானோ, வரும்போது நான் இருப்பேனோ. ரெண்டு பேரும் சேந்து இருக்கிற கடைசிப் படம் அதுதானே? காட்டும்மா.”

அவரைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்துக் கம்ப்யூட்டரைக் கட்டிலருகே நகர்த்தினாள். படம் ஓடியது. அண்ணனும் தம்பியும் நடந்து வந்தார்கள். தம்பி ஏதோ சொல்ல, அண்ணன் சிரித்து அவன் பின்னந்தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினான். கடையில் பார்த்த அன்று இது அவள் கண்ணில் படவே இல்லை. அன்று அவர்கள் நடந்து வந்தபோது அவள் கண் குழியைவிட்டு நகரவில்லை.

நெட்டையன் குழியின் விளிம்பில் ஒரு காலை வைத்தான்.

“போதும்” என்றார் மாமனார். “அங்கயே நிறுத்து.”

அவள் நிறுத்தினாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, “முதல்லேருந்து போடும்மா” என்றார்.