அம்மா கேட்கவில்லை

மாரிச்செல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எழுதியதைக் குறை சொன்னால் கேட்கவே வேண்டாம். ஆனாலும் சிறுகதைப் போட்டிக்கு அனுப்பும் முன், போனில் இருந்த ஏஐயிடம் கதையைக் காட்டினாள். முதல் பக்கம் முழுக்கக் கடலை வர்ணித்திருக்கிறீர்கள், ஆளையே காணோம் என்றது அது. படித்துப் பார்த்தாள். உண்மைதான். வெட்டி எறிந்தாள்.

அந்த நம்பிக்கையில் அடுத்ததற்கும் தலையாட்டிவிட்டாள். கடலுக்குப் போய்த் திரும்பாத, அவளைப் பெற்ற அய்யாவின் கதை அது. வழியனுப்பும் இடத்தில் உணர்ச்சி போதவில்லை, எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று மனைவி கேட்கட்டும் என்றது. கேட்க வைத்தாள். பிரமாதம் என்று பாராட்டியது.

வாய்விட்டு வாசித்தபோதுதான் அந்த வரியில் நாக்கு நின்றது. அவள் ஊரான வாலிநோக்கத்தில் கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் போனவன் திரும்பமாட்டான் என்பார்கள். அய்யா வராத அந்த வாரமே, பொண்டாட்டி ராமலெட்சுமி பின்னாலிருந்து கேட்டுவிட்டாளாம் என்று ஊர் கதை கட்டியது. குழாயடியிலும் கல்யாண வீட்டிலும், "நான் கேக்கல" என்று அம்மா இன்றுவரை மன்றாடுகிறாள். அந்தப் பழியை இப்போது பெற்ற மகளே எழுத்தில் ஏற்றிவிட்டாள்.

"எங்க ஊர்ல அப்படிக் கேக்க மாட்டாக. அந்த வரி வேண்டாம்" என்று ஆத்திரத்தோடு தட்டினாள்.

"அப்படியானால் நான் சொன்னது தவறு. ஆனால் வெளியூர் வாசகருக்கு இது தெரியாதே. கேட்காமல் இருக்க அவள் படும் பாட்டைக் காட்டலாமே" என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு பத்தியும் தந்தது.

யோசனை நல்லதுதான், எடுத்துக்கொண்டாள். பத்தியைத் தொடவில்லை. அம்மாவின் வாயை இனி இன்னொருவர் திறக்க விடுவதாக இல்லை. கேள்வி தொண்டைவரை வந்ததையும், அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்ததையும் தானே எழுதினாள். கடைசியில், 'அவள் கேட்கவில்லை. ஊர் பொய் சொன்னது' என்று போட்டாள்.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினாள்.

"ஊர்க்காரவுக சண்டைக்கு வருவாகளேடி?"

"வரட்டும்."

"கதையில செண்பகம்னு வருதே, அது யாரு?"

"நீதாம்மா. பேர மட்டும் மாத்தியிருக்கேன்."

"எதுக்கு மாத்துன? நான் என்ன தப்புப் பண்ணுனேன்? என் பேரையே போடு."