பின்கதவுக் கயிறு

கார்களுக்கு உள்வேலை செய்கிற அந்தத் தெருவில் அவனைப் பசை என்றுதான் கூப்பிடுவார்கள். சீட் உறையோ, கதவுக்கு மெத்தைத் துணியோ, அவன் ஒட்டினால் ஒட்டினதுதான், உடும்புப்பிடி. பிரிக்கணும் என்றால் கதவையும் சேர்த்துப் பிய்க்கணும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டல் அடிப்பார்கள். அவனுக்கு அதில் கர்வம் வேறு. அவனுக்கு ஆகவே ஆகாதது ஒன்றுதான்: ஓடுகிற காருக்குள் கடகடவென்று எதுவும் சத்தம் போடக் கூடாது.

தங்கை புருஷன் புது வண்டி எடுத்தார். எல்லாமே கரண்டு. உள்ளே கதவுக்குக் கைப்பிடி கிடையாது. பட்டனைத் தொட்டால் டக்கென்று திறக்கும். "கதவுகூட என் பேச்சைக் கேக்குது மச்சான், உங்க தங்கச்சிதான் கேக்க மாட்டேங்குறா" என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்தார். பின்கதவில் ஏதோ சத்தமாம், மேடு பள்ளத்தில் ஏறினால் பல்லைக் கடிக்கிற மாதிரி கேட்கிறதாம்.

பசை குனிந்து பார்த்தான். கதவின் அடியில், தண்ணீர் பாட்டில் வைக்கிற பள்ளத்துக்குள், ஒரு சின்ன மூடி. அதற்குள் ஒரு கம்பிக் கயிறு சுருண்டு கிடந்தது. மூடிதான் ஆடிக்கொண்டிருந்தது. என்ன கயிறு என்று அவன் கேட்கவில்லை. வண்டி எடுத்த அன்று ஷோரூமில் எல்லாவற்றையும் விளக்கிக் காட்டியபோது மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டிருந்ததால் அவருக்கும் தெரியாது. கம்பெனிக்காரன் ஏதோ மிச்சத்தை விட்டுவைத்திருக்கிறான் என்று நினைத்து, மூடி ஆடாமல் பஞ்சை அடைத்து, மேலே கறுப்பு மெத்தைத் துணியை இழுத்து ஒட்டினான். இன்னொரு பின்கதவிலும் அப்படியே. சத்தம் நின்றது. தங்கை மகளுக்குத் தாய்மாமன் சீர் என்று சொல்லிக் காசும் வாங்கவில்லை.

கதவு என்றால் இழுத்தால் திறக்கும், இதுதானே அவன் பிறந்ததிலிருந்து பார்த்தது? பட்டனைப் பளபளவென்று கண்ணுக்கு நேரே வைத்துவிட்டு, கரண்டு போனால் கதவை இழுத்துத் திறந்து உயிரைக் காப்பாற்றுகிற கயிற்றைச் செருப்புக் காலுக்குப் பக்கத்தில் ஒளித்துவைத்தானே ஒரு புத்திசாலி, அவனைச் சொல்ல வேண்டும். ஆனால் ஒளித்துவைத்ததை மூடி ஒட்டியது பசைதான்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், மாப்பிள்ளை டியூஷனிலிருந்து மகளைக் கூட்டி வரும்போது வண்டி வழுக்கிச் சாலையோரக் கால்வாயில் மூக்கைக் குத்தி இறங்கியது. தண்ணீர் பட்டதும் கரண்டு செத்துவிட்டது. முன்கதவில் மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் அவசரத்துக்கென்று ஒரு நெம்புபிடி உண்டு. முழங்கை உடைந்த நிலையிலும் மாப்பிள்ளை அதைப் பிடித்து இழுத்து வெளியே வந்துவிட்டார். முன்சீட் முழுக்கத் தண்ணீர். அந்த வழியாக வர முடியாமல் பிள்ளை பின்னால் மாட்டிக்கொண்டாள். ஓடி வந்தவர்கள் கல்லைத் தேடி எடுத்துக் கண்ணாடியை உடைப்பதற்குள் பின்சீட்டும் மூழ்கி எல்லாம் முடிந்துவிட்டது.

துக்க வீட்டில் தங்கை அழக்கூட இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கயிறை இழுக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. வண்டி எடுத்த அன்னிக்கே இழுக்க வச்சுப் பாத்தேனே. மறந்துட்டாளே பாவி."

பிள்ளைக்கு மறதி என்பது ஊரறிந்த விஷயம். குடையை மறப்பாள், சாப்பாட்டு டப்பாவை மறப்பாள், ஒருநாள் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். மறதி மகாராணி என்று பேர் வைத்ததே மாமன்தான். அதனால் வந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பதற்றத்தில் பெரியவர்களுக்கே கை கால் ஓடாது, குழந்தை என்ன செய்யும் என்றார்கள். ஆறுதல் சொல்வதாக நினைத்துப் பழியைப் பிள்ளை தலையிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

கயிறு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பசை எழுந்து வாசலுக்குப் போனான். என்ன கயிறு, எங்கே இருந்தது என்று ஷோரூம்காரரிடம் போன் போட்டுக் கேட்டான். பின்கதவின் அடியில், பாட்டில் பள்ளத்து மூடிக்குள் என்று அவர் சொன்னார். அதற்குப் பிறகு அவன் நினைத்ததை வெளியே சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவள் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். கடவுளே, அந்தப் பிள்ளை மறந்தே போயிருக்கட்டும். அவள் அதைத் தொடவே இல்லை என்றால் அவன் ஒட்டியதால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்ததால், பிள்ளையின் புத்தகப் பையை எடுத்து வர, கால்வாயிலிருந்து தூக்கி வண்டியை நிறுத்தியிருந்த இடத்துக்கு அவன்தான் போனான். சேறு காய்ந்து வெடித்திருந்தது. பின்கதவை நெம்பித் திறந்து வைத்திருந்தார்கள். மண்டி போட்டுப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

துணி பிரியவில்லை. ஒரு மூலைகூடப் பிரியவில்லை. ஆனால் மூடி இருக்கிற இடத்துக்கு நேர் மேலே, அங்கே மட்டும், மெத்தை பிசிறு பிசிறாக இருந்தது. நகத்தால் பிறாண்டிய கோடுகள். ஒரு பிசிறில் ரோஸ் நகப்பூச்சு ஒட்டியிருந்தது. போன வாரம் கடைக்கு வந்து, அழகா இருக்கா மாமா என்று நீட்டிக் காட்டிய விரல்கள்தான்.

பேசாமல் கத்தியை எடுத்து அதை அறுத்து எறிந்துவிட்டு வந்திருக்கலாம். கத்தி சட்டைப் பையில்தான் இருந்தது. கம்பெனிமேல் கேஸ் போடலாம் என்று மாப்பிள்ளை வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது; பழி தானாகவே அந்தப் பக்கம் போயிருக்கும். ஆனால் தங்கை சாகிறவரைக்கும் மறந்துட்டாளே, மறந்துட்டாளே என்று பிள்ளையைத்தானே திட்டிக்கொண்டிருப்பாள்?

வீட்டுக்குப் போய், புத்தகப் பையைத் தங்கை பக்கத்தில் வைத்து, எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அவ மறக்கலம்மா. கயிறு இருந்த இடத்தைச் சரியாத் தேடியிருக்கா. மேல நான் துணிய ஒட்டிட்டேன். சத்தம் வருதுன்னு ஒட்டுனேன்."

அவள் அவன் கைகளைப் பார்த்தாள். விரல் இடுக்குகளில் பழைய பசை காய்ந்து மஞ்சளாக இருந்தது.

"மறக்கலையா?" என்றாள்.

"மறக்கல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. புத்தகப் பையை மடியில் இழுத்துக் கட்டிக்கொண்டு, "என் தங்கமே, உன்ன வைஞ்சுட்டேனே" என்று வீடு அதிர அழுதாள். அடுத்த அறையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவன் அவள் தோளைத் தொடப் போனான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எந்திரிச்சுப் போ" என்றாள்.

அவன் எழுந்து, வாசலில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.