பன்னிரண்டாவது வாய்

எனக்கு வயது ஐம்பத்தொன்று. இந்த வயதில் பல்லை நேராக்கப் புறப்பட்டவன் எஹலியகொடயில் நான் ஒருவன்தான் என்று என் மனைவி மஹ்மூதா சொல்லித் திரிகிறாள். அழகுக்காகப் புறப்பட்டவன் இல்லை நான். என் மேல்வரிசை கீழ்வரிசையை முழுசாக மூடிவிடும். கீழ்ப் பற்கள் மேலண்ணத்தில் குத்திக் குத்தி, அங்கே ஆறாத புண். பாண் கடித்தாலும் வலி, சும்மா எச்சில் விழுங்கினாலும் வலி.

இரத்தினபுரியில் ஒரு பல் டொக்டர், என் மகள் வயதுப் பிள்ளை, படம் எடுத்துப் பார்த்துவிட்டு அலைனர் போடலாம் என்றார். கம்பி கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை, மேல் பல்லுக்கு ஒன்று, கீழ்ப் பல்லுக்கு ஒன்று. இரண்டு கிழமைக்கு, அதாவது பதினான்கு நாளைக்கு, ஒருமுறை புது செட் மாற்ற வேண்டும், மொத்தம் இருபத்தாறு செட். ஒரு நாளில் இருபத்திரண்டு மணி நேரம் அது வாயில் இருக்க வேண்டும். சாப்பிடும்போதும் தேத்தண்ணி குடிக்கும்போதும் மட்டும் கழற்றலாம். நான் ஒரு நாளைக்கு ஒன்பது தேத்தண்ணி குடிக்கிறவன். டொக்டர் மூன்று என்றார். மஹ்மூதா இரண்டு என்றாள்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். புவாட் ஹாஜியாரின் றப்பர் காணியில் ஒரு மாணிக்கக் குழி இருக்கிறது. குழியிலிருந்து ஏற்றிய சரளையைக் கூடையில் போட்டு ஓடைத் தண்ணீரில் அலசும் நாளில், ஹாஜியாருக்காகக் காவல் நிற்கிறவன் நான். அலசுகிறவர்கள் பதினோரு பேர், எல்லாரும் பக்கத்துத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடியிருக்கிற ஆட்கள். அலசும் நாளில் யாரும் வெற்றிலை போடக் கூடாது. கை நெஞ்சுக்கு மேலே போகக் கூடாது. வேலை முடிந்ததும் வரிசையில் நின்று வாயைக் காட்ட வேண்டும். கல்லை ஒளிக்க மனிதனுக்கு அல்லா கொடுத்த முதல் பை வாய்தானே.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு. கன்னத்த இழு." பத்தொன்பது வருஷமாக இந்த மூன்று கட்டளைதான். இதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான். ஜுனைதீன் நானா நிற்கிற குழியில் ஒரு மணல் கூடக் காணாமல் போகாது என்று சந்தையில் பேச்சு. ஜுனைதீன் நான்தான், நானா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன்.

அப்படி ஒரு அலசும் நாள். அன்று காலையில்தான் மூன்றாவது செட்டை மாட்டியிருந்தேன். புது உறை மாட்டிய முதல் நாள் வாய் முழுக்க ஒரே இறுக்கம். எந்தப் பல்லை எது அழுத்துகிறது என்றே தெரியாது. ஆட்களைப் பார்த்துக் கத்துவதற்குக் கூட வாய் சரியாகத் திறக்கவில்லை, கத்தாமலும் இருக்க முடியவில்லை.

பத்து மணிக்குப் பிளேன்டீ வந்தது. உறை இரண்டையும் கழற்றி இடக்கையில் பொத்திக்கொண்டேன். அதே நேரம் பார்த்து சுதாகரன் கூடையை நீட்டினான். முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், இருப்பதிலேயே நன்றாக அலசுகிறவன். கூடையின் அடியில் கறுப்பு மணலுக்கு நடுவே பயறு அளவில் ஒன்று கிடந்தது. எடுத்து நாக்கில் வைத்து நனைத்து வெயிலுக்குப் பிடித்தேன். கல் பார்க்கிறவன் எல்லாரும் செய்கிற காரியம் அது. நீலம். சின்னதுதான், ஆனால் நல்ல நீலம். கல்லை எப்போதும் போல இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையால் தேத்தண்ணியைக் குடித்தேன். சூட்டோடு குடித்து முடித்து, உறைகளைத் திரும்ப மாட்டினேன்.

குடைக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்த ஹாஜியார் என்ன கிடைத்தது என்று கேட்டார். ஒரு நீலம் என்று கையை விரித்தேன். கையில் ஒன்றும் இல்லை.

சட்டைப் பையைப் பார்த்தேன். காலடியைப் பார்த்தேன். கோப்பையைக் கவிழ்த்தேன். பிறகு தலையை நிமிர்த்திப் பார்த்தேன், எனக்கு ஆகக் கிட்ட நின்றவன் சுதாகரன். கூடையைத் திரும்ப வாங்கக் குனிந்தவனும் அவன்தான். எனக்கு மண்டை கொதித்தது. பத்தொன்பது வருஷப் பெயரை ஒரு பயறு அளவுக் கல் தின்றுவிடப் பார்க்கிறது.

எல்லாரையும் தண்ணீரிலிருந்து ஏற்றினேன். பதினோரு வாயையும் பார்த்தேன். சுதாகரன் வாயை இரண்டு தரம் பார்த்தேன், இரண்டாம் தரம் விரலை விட்டே பார்த்தேன். சட்டையைக் கழற்றச் சொன்னேன், இடுப்பில் கட்டிய சாரத்தை உதறச் சொன்னேன். அத்தனை பேருக்கும் முன்னால் உதறினான். விழுங்கியிருப்பான் என்று ஹாஜியாரிடம் சொன்னேன். பொலிஸில் கொடுங்கள், ஒரு நாள் உள்ளே இருந்தால் தானாக வெளியே வரும் என்றும் சொன்னேன்.

"நானா, நான் எடுக்கல," என்றான் சுதாகரன். குழி வேலையில் ஒருவனுக்குத் திருட்டுப் பெயர் விழுந்தால், எஹலியகொட தொடங்கி றக்வான வரைக்கும் எவனும் அவனைக் குழியில் இறக்க மாட்டான். தோட்டத்தில் பெயர் பதிந்த வேலையும் அவனுக்கு இல்லை. இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஹாஜியார் ஃபோனை எடுத்துவிட்டார்.

அப்போது இருளப்பன் முன்னால் வந்தார். ஐம்பத்தெட்டு வயது, சுதாகரனின் மாமனார், நான் காவலுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறவர். என்னைப் பார்க்காமல் ஹாஜியாரிடம் பேசினார்.

"முதலாளி, பதினோரு வாய் பாத்தாச்சு. கல்லு நின்ன எடத்துல பன்னெண்டு வாய் இருந்துச்சுங்க."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. உறை புதுசு என்பதால் பாதி வார்த்தை எச்சிலாகத்தான் வந்தது, அதுவே நல்லதாகப் போயிற்று. நான் மேலும் திட்டாதபடி ஹாஜியார் கையைக் காட்டித் தடுத்தார். அவர் நியாயம் பார்க்கிற மனிதர், அதாவது சத்தம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைக்கிற மனிதர்.

"காட்டுங்களேன் நானா. அதுல என்ன ஈக்குது?"

திறந்தேன். இருளப்பன் தன் ஃபோன் லைட்டைப் போட்டார். நாக்கைத் தூக்கச் சொன்னார், கன்னத்தை இழுக்கச் சொன்னார். எல்லாம் என் கட்டளைகள்தான், மரியாதையை மட்டும் அவர் சேர்த்துக்கொண்டார். திறந்த வாயோடு நிற்கிறவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது. முன்னால் நிற்கிறவனின் மூக்கைத்தான் பார்க்க முடியும். எச்சில் வழியும், துடைக்கக் கையைத் தூக்கினால் சந்தேகம் வரும். தாடை வலித்தது. யாரோ பின்னால் செருமினார்கள், என்னைப் பார்த்துத்தான் என்று பட்டது. பத்தொன்பது வருஷம் எதிர்ப்பக்கத்தில் நின்றவனுக்கு இதெல்லாம் தெரிய வழியே இருக்கவில்லை.

லைட் ஒரு இடத்தில் நின்றது.

"கீழ உள்ளதக் கழட்டுங்க நானா."

எனக்குக் கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. எப்போதோ பிடுங்கியது. அலைனர் செய்கிறவர்கள் அந்த இடத்தைச் சும்மா விடாமல், அங்கே ஒரு பல் இருப்பது போலவே உறையில் குழி வைத்துச் செய்துவிடுகிறார்கள். வெறும் குழி, உள்ளே பல் கிடையாது. அந்தக் குழிக்குள் நீலம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. இடக்கையில் பொத்தியபோது உள்ளே உருண்டிருக்கிறது. நானே என் கையால் அதை வாயில் மாட்டியிருக்கிறேன்.

இருளப்பன் உறையை வாங்கி, கல்லை உள்ளங்கையில் தட்டி, ஹாஜியாரிடம் கொடுத்தார்.

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா எனக்குத் தெரியாது ஹாஜியார்," என்றேன்.

ஹாஜியார் சிரிக்கத் தொடங்கினார். அது தனக்குத் தெரியாதா என்றார். இன்னும் நாலு பல்லைப் பிடுங்கி நாலு பெட்டி வைக்கும்படி டொக்டரிடம் சொல்லுங்கள் நானா என்றார். முதலாளி சிரித்ததால் ஆட்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திருட்டுக் கல்லோடு பிடிபட்டவன் குற்றமற்றவன் ஆவதற்கு அரை நிமிஷம் கூட ஆகவில்லை. யாரும் என் சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.

சுதாகரன் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கீழுதட்டில் என் நகம் பட்ட கீறல் சிவந்திருந்தது. கிட்டப் போய், தப்பு என்னுடையதுதான், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றேன். சரி நானா என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான்.

இருளப்பன் மட்டும் நின்றார்.

"நானா, ஒண்ணு கேக்குறேன். இந்தக் கல்லு அவன் வாயில கெடச்சு, எனக்குத் தெரியாமப் போயிருச்சுன்னு அவன் சொல்லியிருந்தா, நம்பியிருப்பீங்களா?"

எதற்கும் வாய் நிறையப் பதில் வைத்திருக்கிறவன் நான். மஹ்மூதாவைக் கேட்டால் தெரியும். அன்று ஒன்றுதான் கிடைத்தது.

"இல்ல," என்றேன்.

"அதான்," என்று சொல்லிவிட்டு அவரும் இறங்கிப் போனார். கோபத்தோடு சொன்ன மாதிரி இல்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஒருதரம் கேட்டு உறுதி செய்துகொண்ட மாதிரி இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வந்தால் யார் மேலாவது கொட்டிவிடலாம், இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. மீதி நாள் முழுக்க நான் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. வாய் வலிக்கிறதா நானா என்று ஹாஜியார் இரண்டு தரம் விசாரித்தார்.

நாலரை மணிக்கு வேலை முடிந்தது. பதினோரு பேரும் கை கால் கழுவிக்கொண்டு மேட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். இன்றையிலிருந்து வாய் பார்ப்பது கிடையாது, எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றேன். சொல்லும்போது மனது லேசாகத்தான் இருந்தது. ஆட்கள் சந்தோஷப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

யாரும் அசையவில்லை. வரிசையில் முதலாவதாக நின்ற இருளப்பன் வாயைத் திறந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர் திறந்தார். பிறகு எல்லாரும்.

வேண்டாம் என்று சொன்னேனே, மூடுங்கள் என்றேன்.

இருளப்பன் பேசுவதற்காக மட்டும் வாயை மூடினார்.

"பாத்துருங்க நானா. நாளைக்கு ஒரு கல்லு கொறஞ்சா எங்க வாய்க்குத்தான் வருவீங்க. இன்னைக்கே பாத்துட்டா எங்களுக்கு நல்லது."

சொல்லிவிட்டு மறுபடியும் திறந்தார்.

பார்த்தேன். பதினோரு பேரையும் பார்த்தேன். சுதாகரன் கடைசியில் நின்றான். அவனாகவே நாக்கைத் தூக்கினான், பிறகு கீறல் பட்ட உதட்டை விரலால் இழுத்துக் கன்னத்தைக் காட்டினான்.